பின்னால் போகாத செவ்வாய்

அடுப்புத் தொழிற்சாலையில் எங்களுக்கு வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். நான் வருகிற ட்ராம் ஆறேகாலுக்கே என்னை இறக்கிவிட்டுவிடும். அடுத்ததில் வந்தால் ஐந்து நிமிடம் பிந்தும். அந்த ஐந்து நிமிடத்துக்காக, மேற்பார்வை பார்க்கிற போர்மன் எல்லோருக்கும் முன்னால் ஏதாவது சொல்லுவான். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நிற்பதைவிடக் குளிரில் நிற்பது எனக்குச் சுகம். ஆகவே மெல்பேர்ணில் என் முதல் இரண்டு குளிர்காலங்களிலும் வேலைநாள் ஒவ்வொன்றும் பூட்டிய இரும்புக் கேற்றுக்கு முன்னால், கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி, இருட்டில் தொடங்கியது.

என்னைப்போல முந்தி வந்து நிற்கிறவர் இன்னும் ஒருவர் இருந்தார். கிரேக்கர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார். தொழிற்சாலையில் பாதிப்பேர் கிரேக்கர்கள்தான். அவர்கள் கடைசி நிமிடத்தில் கூட்டமாக, சத்தமாக வந்து சேருவார்கள். இவர் மட்டும் தனியே வந்து, தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு நிற்பார். கழுத்தில் ஏதோ பிடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருடமாகக் காலை வணக்கத்துக்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசியதில்லை. நானாகப் பேச்சைத் தொடங்குகிறவன் அல்ல. என்னிடம் இருந்த ஆங்கிலமும் ஆணிகளை எண்ணிக் கொடுக்கும் அளவுக்குத்தான் காணும்.

எழுபத்தோராம் ஆண்டு, ஆடி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அவர் என் பக்கம் திரும்பினார். மேற்கே, எதிர்ப்பக்கத்துப் பண்டகசாலையின் கூரைக்கு மேலே கையை நீட்டி, "அது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டார். கொள்ளிக்கட்டையின் நுனிபோலச் சிவப்பாக ஒன்று அங்கே இருந்தது. மற்றவை மினுங்கின. அது மினுங்காமல் நிலைத்து நின்றது.

"செவ்வாய்" என்றேன், அந்தச் சிவப்பை வைத்து, ஆங்கிலப் பெயர் தெரியாமல் தமிழிலேயே.

அவர் அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று இருவருக்கும் விளங்கியது. உண்மையில் அதை வானத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் அதனோடு எனக்கு இருபது வருடப் பழக்கம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை செய்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குமேல் நான் வாசித்ததெல்லாம் ஈய எழுத்தில், இடம் வலமாக மாறிக் கிடந்ததைத்தான். ஒவ்வொரு வருடமும் பஞ்சாங்கம் எங்களிடம்தான் அச்சுக்கு வரும். சோதிடர் கையெழுத்தில் எழுதித் தருகிற கிரக நிலைகளை, கட்டம் கட்டமாக, எண் எண்ணாகக் கோக்கவேண்டும். சில நாட்களில் ஒரு கிரகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'வ' வரும். வக்கிரம். கிரகம் பின்னால் திரும்பி நடக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு எழுத்துத் தவறிப் போனால் கலியாண நாள் வைத்த வீட்டில் இருந்து ஆள் வரும். ஆனபடியால் பயந்து பயந்துதான் அதை வைப்பேன். அப்படி எத்தனையோ முறை வைத்திருக்கிறேன். வெளியே போய் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. வண்டில் மாடு நிற்குமாப்போல் கிரகம் நிற்கும், பிறகு திரும்பி வந்த வழியே நடக்கும் என்று எனக்குள் ஒரு படம் இருந்தது. அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை.

என் மனைவி என்னுடைய மாமா மகள். படித்துத் தாதியானவள். அவளைத்தான் இந்த நாட்டு ஆஸ்பத்திரி கூப்பிட்டது. நான் அவளுடைய புருஷனாக வந்து சேர்ந்தேன். தமிழ் எழுத்துக் கோக்கிறவனுக்கு மெல்பேர்ணில் வேலை கிடையாது. அதனால் பிரன்ஸ்விக்கில் அடுப்புகளுக்குக் கதவு பொருத்திப் பூட்டினேன்.

"இந்தக் கிழமை அது நிற்கும்" என்றார் கிரேக்கர். "பிறகு பின்னால் போகும். பக்கத்தில் இருக்கிற அந்த இரண்டு மங்கல் நட்சத்திரங்களையும் அடையாளமாக வைத்துக்கொள்ளும்."

வைத்துக்கொண்டேன். மேகம் இல்லாத காலைகளில் எல்லாம் பார்த்தோம். முதல் இரண்டு கிழமையும் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது கிழமையில் ஒருநாள், மழை விட்டுத் துடைத்து வைத்தாற்போல் இருந்த வானத்தில், அது அந்த இரண்டு வெள்ளிகளையும் விட்டு வேறு பக்கமாக விலகி இருந்தது. போன திசைக்கு எதிர்த்திசையில். எனக்கு மேல் சிலிர்த்தது. குளிரால் அல்ல. நான் ஈயத்தில் வைத்த எழுத்து அங்கே நடந்துகொண்டிருந்தது. யாரோ எழுதித் தந்ததைத்தான் நான் கோத்தேன். எழுதியவருக்கும் முன்னால் யாரோ இப்படிக் குளிரில் நின்று பார்த்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் நாங்கள் ஒரே வாங்குப் பலகையில் இருந்து சாப்பிட்டோம். அவர் தன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இந்த நாட்டுக்கு வந்தபோது அவருடைய படிப்பை இங்கே யாரும் ஏற்கவில்லை. பதினொரு வருடமாக அடுப்புக் கதவுகளுக்கு, அவை திறந்து மூடுவதற்கான பிணைச்சல் பூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களே அவரைப் 'புரொபசர்' என்றுதான் கூப்பிட்டார்கள், மரியாதையாக அல்ல. என்னை எல்லோரும் 'சிலோன்' என்றார்கள்.

"புரொபசர், உம்முடைய சந்திரனில் இருந்து இறங்கி வாரும், கதவு காத்துக்கொண்டிருக்கிறது" என்று போர்மன் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரித்துக்கொண்டே எழும்புவார்.

தன் முன்னோர் கிரகங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அந்த வாங்கில் இருந்துதான், பாதி எளிய ஆங்கிலத்திலும் பாதி கையாலும், சொன்னார். ஒரு நாள் என்னுடைய வெங்காயத்தை வாங்கிக் குறுக்கே வெட்டினார். நடுவில் பூமி, அதைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக, கண்ணாடிபோலத் தெளிந்த உருண்டைகள், ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு கிரகம் பதிந்திருக்கிறது, உருண்டைகள் சுற்றுகின்றன. அவை சுற்றும்போது ஓர் இசை எழும்புகிறது, பிறந்த நாளில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் எங்களுக்கு அது கேட்பதில்லை என்றும் சிலர் சொன்னார்களாம். நான் வெங்காயத்தைச் சாப்பிடாமல் நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

"ஆனால் வெங்காயத்தில் ஒரு சிக்கல், பெரிய கரைச்சல்" என்றார் அவர். "வானத்தில் இருப்பவை குற்றம் இல்லாதவை என்று அவர்கள் நம்பினார்கள். குற்றம் இல்லாதது வட்டமாகத்தான் போகும். ஒரே வேகத்தில்தான் போகும். நிற்காது, திரும்பாது. அப்படியானால் செவ்வாய் ஏன் பின்னால் போகிறது? குடிகாரன்போல ஏன் தடுமாறுகிறது?"

"அது வக்கிரம்" என்றேன்.

"அது பெயர். காரணம் இல்லை" என்றார்.

உண்மையில் அந்த வசனம் என்னைக் கொஞ்சம் சுட்டது. இருபது வருடமாகப் பெயரைத்தான் கோத்திருந்தேன்.

வட்டத்தின் மேல் ஒரு வட்டம் என்பதுதான் அவர்கள் கண்ட விடை. பெரிய வட்டம் பூமியைச் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு சின்ன வட்டம் தன்பாட்டில் சுற்றும். கிரகம் அந்தச் சின்ன வட்டத்தில் இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையின் தட்டை மேசையில் வைத்து, அதன் ஓரத்தில் ஒரு மூடியை வைத்து அவர் காட்டினார். நான் தலையாட்டினேன். விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பிறகு எவ்வளவு பெரிய வினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது. தட்டின் நடுவைத் தொட்டு அவர் தன் மொழியில் 'கென்ட்ரோன்' என்று ஏதோ சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். சோதிடர் எழுதித் தருகிற தாளில் 'கேந்திரம்' என்று நூறு தரம் கோத்திருக்கிறேன். அந்தச் சொல் எப்போது, எந்தக் கப்பலில், எந்தக் கடலைத் தாண்டி எங்கள் அச்சகம் வரைக்கும் வந்தது என்று நினைத்தபோது, அன்று பின்னேரம் முழுக்க எனக்குக் கதவுகளில் கவனம் இருக்கவில்லை.

ஆவணி நடுவில் ஒருநாள் அவர் சாப்பிடாமல் இருந்தார். இரண்டு தெரு தள்ளிக் கிரேக்கச் சங்கத்தின் மண்டபம் ஒன்று இருந்தது. அங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியும் வரலாறும் படிப்பிப்பார்கள். அங்கிருந்த வாத்தியார் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் பல்கலைக்கழகம் முடித்துப் புதிதாக வந்த இளைஞர். மற்றவர் இவர். இருவரும் ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோருக்கும் சங்கக் குழுவுக்கும் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். இளைஞர் நடத்தி முடித்துவிட்டார், நல்ல கைதட்டலாம்.

"பதினொரு வருடம்" என்றார். "மறுபடியும் ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்க எனக்கு இந்த ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு கதவுதான். ஓய்வூதியம் வரைக்கும் கதவு."

கிரகங்களைத்தான் பாடமாக எடுக்கப்போகிறார். அதற்கு ஓர் இயந்திரம் செய்கிறார். அதைச் சுற்ற ஓர் ஆள் வேண்டும். தன் ஆட்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

"நான் ஆட்களுக்கு முன்னால் நிற்கமாட்டேன்" என்றேன்.

"நிற்கவேண்டியதில்லை. வெள்ளைத் துணித் திரை ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்கு நிழற்பொம்மை ஆட்டம் காட்டுவதற்கு. நீர் அதற்குப் பின்னால். விளக்கும் பின்னால். அவர்கள் நிழலை மட்டும்தான் காண்பார்கள்."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் மேடையிலையோ?"

"மேடைக்குப் பின்னாலை."

"அப்ப சரி. முன்னாலை எண்டால் நான் ஆஸ்பத்திரியிலை இருந்து ஆளுக்கு மயக்கம் தெளியிற மருந்தும் கொண்டு வரவேணும்."

"பகிடி விடாதையும். அந்த மனிசனுக்கு இது பெரிய விசயம்."

"தெரியுது. அதுதான் நானும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு மண்டபத்துக்குப் போனோம். கிரேக்கர் இயந்திரத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டு வந்திருந்தார். முதல்நாள் மாலைதான் வேலை முடிந்ததாம். ஒத்திகைக்கு நேரம் இருக்கவில்லை. பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று. அதன் விளிம்பில், எங்கள் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பேர்னர் வளையம் ஒன்று, சின்னச் சக்கரமாக. அந்த வளையத்தின் ஓரத்தில் ஒரு மரக்குண்டு: அது செவ்வாய். சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இன்னொரு குண்டு: பூமி. தையல் மெஷினின் தோல்வார் ஒன்று எட்டுப்போலக் குறுக்கே ஓடி இரண்டையும் இணைத்திருந்தது. கைபிடியைச் சுற்றினால் பெரியது சுற்றும். சின்னதும் அதோடு சேர்ந்து, அதைவிட வேகமாகச் சுற்றும்.

"மெதுவாகச் சுற்றும். ஒரே வேகத்தில். நான் தடியால் ஒருமுறை தட்டினால் தொடங்கும், இரண்டு முறை தட்டினால் நிறுத்தும்" என்று சொல்லிக் கால் சுற்று மட்டும் சுற்றிக் காட்டினார். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. திரையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் இருக்கும். என் மனைவி இரண்டாவது வரிசையில், சேலையோடு, இரண்டு கிரேக்க அம்மாமாருக்கு நடுவில் இருந்தாள். ஏற்கெனவே அவள் கையில் யாரோ எள்ளுப் பிஸ்கட்டைத் திணித்திருந்தார்கள்.

அவர் பேசத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியது. தொழிற்சாலையில் கேட்ட குரல் அல்ல அது. நிமிர்ந்து நின்று, பின்வரிசை வரைக்கும் போகிற குரல். இடையிடையே மண்டபம் சிரித்தது, பிறகு அமைதியானது. தடி ஒருமுறை தட்டியது. விளக்கைப் போட்டுக் கைபிடியைச் சுற்றினேன்.

சக்கரத்தின் நிழல் திரையில் பெரிதாக எழும்பியது. கம்பிகள், வளையம், அதன் ஓரத்தில் கறுப்பாக அந்தக் குண்டு. நான் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முன்னால் போனது, வேகமாகப் போனது, பிறகு சின்னச் சக்கரம் அதை உள்பக்கமாகக் கொண்டு வரவர வேகம் குறைந்தது. கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வெளியே அவருடைய குரல் உயர்ந்தது. இதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்தது. செவ்வாய் நின்றுவிட்டது; இனி வக்கிரம் தொடங்கவேண்டும். இந்த இடத்தில் கைபிடியைப் பின்னால் சுற்றவேண்டும் என்று சொல்லித்தர அவர் மறந்துபோனார், அவசரத்தில் விட்டுவிட்டார், நல்லகாலம் எனக்குப் பஞ்சாங்கம் தெரியும் என்று நினைத்தேன்.

கைபிடியைப் பின்னால் சுற்றினேன். உதறல் இல்லாமல், ஒரே வேகத்தில். குண்டு வந்த வழியே அழகாகத் திரும்பிப் போனது. உள்ளபடி சொன்னால், அந்த நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே ஒருவர் ஏதோ சத்தமாகச் சொன்னார். மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு நிற்கவில்லை. தடி இரண்டு முறை தட்டியது, பிறகு இன்னும் இரண்டு முறை. கையை எடுத்தேன். அவர் பேசுவது நின்றுபோயிருந்தது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. 'ஒருவரும் எதையும் பின்னால் திருப்பப் போவதில்லை, எல்லாச் சக்கரமும் முன்னால்தான் சுற்றும், ஆனாலும் செவ்வாய் தானே பின்னால் போவதைப் பாருங்கள்' என்று அவர் சொன்ன அதே நேரத்தில் நான் முழு இயந்திரத்தையும் பின்னால் சுற்றியிருக்கிறேன். குழுவின் தலைவர் பழக்கடை வைத்திருந்தவர். அவர்தான் எழும்பி, "புரொபசர், கையால் இழுத்தால் என்னுடைய தோடம்பழ வண்டிலும்தான் பின்னால் போகும்" என்றிருக்கிறார்.

அவர் திரைக்குப் பின்னால் வந்தார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் திருப்பினீர்?"

"செவ்வாய் பின்னால் போகவேண்டும்தானே. நீங்கள் சொல்ல மறந்துபோனீர்கள் என்று நினைத்தேன்."

"நான் சொல்ல மறக்கவில்லை. நீர் திருப்பவே தேவையில்லை."

"திருப்பாமல் எப்படித் திரும்பும்?"

அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. "சிலோன், அன்றைக்குத் தட்டையும் மூடியையும் காட்டியபோது உமக்கு விளங்கவில்லையா?"

"இல்லை."

"ஏன் சொல்லவில்லை?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"வெளியே வாரும்" என்றார்.

"என்னால் ஏலாது."

"நான் ஏமாற்றப் பார்த்தேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் போய் விளக்கம் சொன்னால் தப்பப் பார்க்கிற சாட்டு என்பார்கள். நீர் சொன்னால் நம்புவார்கள்." கொஞ்சம் பொறுத்து, "வற்புறுத்தவில்லை" என்றார்.

அவர் கைகளைப் பார்த்தேன். பிணைச்சல் பூட்டிப் பூட்டி நகங்கள் எல்லாம் கறுத்துப்போன கைகள். திரையின் ஓரத்தைப் பிடித்து விலக்கினேன்.

நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. என் மனைவி பிஸ்கட்டை வாய்க்குப் பாதித் தூரத்தில் பிடித்தபடி இருந்தாள். என்னிடம் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்து, "பிழை என்னுடையது. அவருடையது இல்லை. எங்கள் புத்தகத்தில் செவ்வாய் திரும்பிப் போகும். அதனால் நான் திருப்பிவிட்டேன்" என்று சொன்னேன். அவர் அதைத் தன் மொழியில் சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. முன்வரிசையில் ஒரு கிழவர் எனக்குத் தலையசைத்தார்.

பிறகு அவர் நீளமாக ஏதோ சொன்னார். கண் கண்டதைத்தான் இவருடைய கை செய்தது, எங்கள் முன்னோருக்கு முன்னால் உலகம் முழுவதும் அப்படித்தான் நினைத்தது, கண் கண்டது போதாது என்று நினைத்த நாளில்தான் இந்தக் கதை தொடங்குகிறது என்று சொன்னாராம். சொல்லிவிட்டுத் திரையை ஒரே இழுவையாக இழுத்துக் கழற்றினார். இயந்திரம் எல்லோருக்கும் முன்னால் வெளிச்சத்தில் நின்றது. நானும் நின்றேன்.

"இப்போது சுற்றும்" என்று என்னிடம் சொன்னார். "என்ன நடந்தாலும் முன்னால் மட்டும்."

சுற்றினேன். குண்டு முன்னால் போனது. வேகம் குறைந்தது. நின்றது. என் கை தானாகவே தயங்கியது. "முன்னால்" என்றார் அவர், காதுக்குள். சுற்றினேன். என் கை முன்னால் போனது, பெரிய சக்கரம் முன்னால் போனது, சின்னச் சக்கரம் முன்னால் போனது. குண்டு பின்னால் போனது.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கைபிடி என் கையில்தான் இருந்தது. நான் ஒன்றையும் திருப்பவில்லை என்று என் தோள்மூட்டுக்குத் தெரியும். ஆனாலும் அது திரும்பியது, ஒரு சின்ன முடிச்சுப்போல வளைந்து, பிறகு எதுவுமே நடக்காததுபோல மறுபடி முன்னால் போனது. மேலே பண்டகசாலைக் கூரைக்கு மேல் நான் ஆறு கிழமையாகப் பார்த்தது இதைத்தான். அங்கே தடுமாற்றம் என்று ஒன்று இல்லை. ஒரு தொலைநோக்குக் குழாயும் கண்ணாடியும் இல்லாமல், கண்ணையும் கயிற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, தடுமாறுகிற ஒன்றுக்குள்ளே தடுமாறாத இரண்டு வட்டங்களைக் கண்டவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோனது. இன்னொரு சுற்றும் சுற்றினேன். மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை.

பழக்கடைக்காரர் எழும்பி வந்தார். என்னை மெல்ல விலக்கிவிட்டுக் கைபிடியைத் தானே பிடித்தார். ஒருமுறை சுற்றினார். இரண்டாம் முறை, குண்டு நிற்கிற இடத்தில் குனிந்து தோல்வாரைப் பார்த்தார், ஏதும் கள்ளம் இருக்கிறதா என்று. மூன்றாம் முறை சுற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதை அவரே எனக்காக ஆங்கிலத்திலும் கேட்டார்: "அப்படியானால் மேலே உண்மையாகவே இப்படிச் சக்கரங்கள் இருக்கின்றனவா?"

என் நண்பர் ஆம் என்று சொல்லியிருக்கலாம். மண்டபம் அதைத்தான் விரும்பியது. முன்னோரின் பெருமையைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"இல்லை" என்றார். "ஒரு சக்கரமும் இல்லை. இது பிழை." மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. "றிச்மண்ட் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இரண்டு ரயில் ஒரே பக்கமாகப் போகும்போது, வேகமான ரயிலில் இருக்கிறவருக்கு மற்றது பின்னால் போவதுபோல் இருக்கும். நாங்கள்தான் அந்த வேகமான ரயில். பூமிதான் ஓடிச் செவ்வாயை முந்துகிறது. அதையும் எங்கள் முன்னோரில் ஒருவர் சொன்னார், சூரியனை நடுவில் வைத்து. யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தச் சக்கரங்களை வைத்துக்கொண்டு, செவ்வாய் அடுத்த வருடம் எங்கே நிற்கும் என்று ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கணக்குப் பார்த்தார்கள். நான் பிள்ளைகளுக்கு இரண்டையும்தான் படிப்பிப்பேன். பிழையையும், அது எவ்வளவு நல்ல பிழை என்பதையும்."

பழக்கடைக்காரர் கைபிடியை மறுபடி ஒருமுறை சுற்றினார்.

குழு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் மேடை விளிம்பில் இருந்தோம். யாரோ கோப்பி கொண்டுவந்து தந்தார்கள். அவர் குடிக்கவில்லை.

"என்னப்பா, நடுங்கிறியள்" என்றாள் மனைவி என்னிடம்.

"நான் இல்லை. அவர்தான்" என்றேன். நாங்கள் இருந்த பலகை அசைந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேரும்தான்" என்றாள்.

கதவு திறந்தபோது முதலில் வெளியே வந்தது பழக்கடைக்காரர். நேரே வந்து என் நண்பரின் தோளில் கையை வைத்து ஏதோ இரண்டு சொல் சொன்னார். அவரை 'புரொபசர்' என்று கூப்பிடவில்லை. தங்கள் மொழியில் வாத்தியாரைக் கூப்பிடுகிற சொல்லால் கூப்பிட்டார் என்று பிறகு அறிந்தேன். என் நண்பர் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தச் சொல்லைப் பதினொரு வருடமாக அவர் கேட்டிருக்கமாட்டார்.

அடுத்த சனிக்கிழமை தொழிற்சாலையில் ஓவர்டைம் வேலை இருந்தது. அவருடைய இடம் வெறுமையாக இருந்ததால், என்னுடைய கதவுகளோடு அவருடைய பிணைச்சல்களையும் நானே பூட்டினேன். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் போர்மன் வந்து வரிசையை எண்ணிவிட்டு, "எங்கே புரொபசர்? இன்றைக்குச் சந்திரனிலேயே தங்கிவிட்டாரா?" என்று கேட்டான். வழக்கம்போல எல்லோரும் திரும்பினார்கள்.

"பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்" என்றேன். "படிப்பித்துக்கொண்டிருக்கிறார்."

கடைசி வரிசையில் நின்ற இத்தாலியருக்கும் கேட்டிருக்கும். அவ்வளவு உரத்து நான் அந்தத் தொழிற்சாலையில் அதற்குமுன் பேசியதில்லை.